சேர்லிஃப்டில் ஏற ஸ்னோஸ்கேட்டைக் காலோடு கட்டுவது எப்படி

ஸ்னோஸ்கேட் என்பது பனியில் ஓட்டுகிற ஸ்கேட்போர்டு. ஸ்னோபோர்டில் இருப்பதுபோல் காலைப் பூட்டிவைக்கும் பைண்டிங் இதில் கிடையாது. பலகைமேல் சும்மா நிற்கிறோம், அவ்வளவுதான். மலைச்சரிவில் இறங்கும்போது அந்தச் சுதந்திரம்தான் சுகம். கம்பியில் தொங்கியபடி மலைமேல் ஏற்றிச்செல்லும் நாற்காலியான சேர்லிஃப்டில் ஏறப் போகும்போது அதுவே தொல்லை. நாற்காலி உங்களைத் தூக்கிய மறுநொடி, காலுக்கடியில் இருந்த மூன்று நான்கு கிலோ எடைக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. கீழே யாராவது வந்துகொண்டிருப்பார்கள்.

கையில் தூக்கிக்கொண்டு நடந்துபோய் உட்காரலாமே என்று தோன்றும். சில மலைகளில் விடுவார்கள். ஆனால் சேர்லிஃப்ட் நடப்பவர்களுக்காகப் பிறந்ததல்ல. 1936-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் முதல் சேர்லிஃப்ட் ஓடியது. அதை வடிவமைத்த யூனியன் பசிபிக் ரயில் நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரனுக்கு யோசனை வந்தது, கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி வரிசையிலிருந்து. வாழைத்தாருக்காகக் கொக்கி நிற்பதில்லை. உங்களுக்காக நாற்காலியும் நிற்காது. கம்பியோடு நிரந்தரமாகப் பிணைத்த பழைய வகை நாற்காலிகள் ஏறுமிடத்திலும் நொடிக்கு 2 முதல் 2.5 மீட்டர் வேகத்தில் வந்து முழங்காலுக்குப் பின்னால் இடிக்கும். கழன்று மெதுவாகும் புதிய வகை, நிலையத்துக்குள் நொடிக்குச் சுமார் 1 மீட்டருக்கு இறங்கிவிடும். வெளியே போனதும் 5 மீட்டர் வரை பிடிக்கும். மேலே இறங்குமிடமோ சறுக்கி விலகுவதற்காகவே சரிவாக அமைத்த, பலரின் ஸ்கீ உரசி இறுகிப்போன பனி. மெத்தென்ற பூட்ஸில், கையில் பலகையோடு அதில் நடந்து இறங்குவதுதான் பலரை விழ வைக்கிறது. ஆகவே பலகையைக் காலில் கட்டி, சறுக்கி ஏறி, சறுக்கி இறங்குவதே நல்ல வழி.

எந்தப் பலகைக்கு இது பொருந்தும்

புழக்கத்தில் அதிகம் இருப்பவை இரண்டு வகை. ஒற்றைத் தட்டு ஸ்னோஸ்கேட் ஒரே பலகை. அடியில் நீளவாக்கில் பள்ளங்கள் இருக்கும், உலோக விளிம்பு இருக்காது. வீட்டுப் பின்புற மேட்டுக்கும் பூங்காவுக்கும் அது போதும். இறுகிய பனிச்சரிவில் விளிம்பு இல்லாமல் நிறுத்த முடியாது என்பதால் பல மலைகளில் அதை லிஃப்டில் ஏற்றுவதில்லை. ஏற்றினாலும் கையில்தான். அதைச் சுற்றி வார் கட்டினால் அடிப்பக்கத்தில் வார் பனியோடு உரசி இழுக்கும், சீக்கிரம் அறுந்தும் போகும்.

இரட்டைத் தட்டு வேறு. மேலே நாம் நிற்கும் ஸ்கேட்போர்டு போன்ற பலகையான டெக், கீழே உலோக விளிம்புள்ள குட்டி ஸ்கீ, இரண்டையும் இணைக்க முன்னும் பின்னும் ட்ரக் எனும் சாய்ந்து திரும்பும் இணைப்பு ஒவ்வொன்று. டெக்குக்கும் ஸ்கீக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது அல்லவா, நம் வேலைக்கெல்லாம் அதுதான் ஆதாரம். வார் அந்த இடைவெளி வழியாகப் போய்விடுவதால் பனியைத் தொடாது. இனி சொல்வதெல்லாம் இரட்டைத் தட்டுக்கே.

லீஷ் வேறு, வார் வேறு

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். லீஷ் என்பது பலகையையும் உங்கள் முன்காலையும் இணைக்கும் கயிறு. நீங்கள் விழுந்தால் பலகை தனியாக மலையிறங்கி ஓடாமல் அது பிடிக்கும். கொலராடோவின் 1979-ஆம் ஆண்டுப் பனிச்சறுக்குப் பாதுகாப்புச் சட்டம், காலிலிருந்து கழன்ற ஸ்கீயை நிறுத்தும் வாரோ வேறு சாதனமோ இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க ஸ்கீ மலைகளின் தேசியச் சங்கம் 2022-இல் புதுப்பித்த பத்து அம்சப் பொறுப்பு விதிகளிலும், உபகரணம் தானாக ஓடாமல் தடுப்பது உங்கள் கடமை என்று இருக்கிறது. லீஷ் இல்லாமல் வரிசையிலேயே நிற்க விடமாட்டார்கள். வரிசைக்கு வருமுன் மாட்ட வேண்டும். நாள் முடிந்து பலகையைக் கையில் எடுக்கும்வரை கழற்றக் கூடாது.

ஆனால் லீஷ் மட்டும் போட்டு நாற்காலியில் ஏறினால் பலகை முழங்காலுக்குக் கீழே கயிற்றில் தொங்கி ஆடும். பக்கத்தில் இருப்பவரின் கணுக்காலில் இடிக்கும். இறங்குமிடத்தில் உங்களுக்கு முன்னால் பலகை பனியைத் தொட்டுக் குறுக்கே திரும்பி நிற்கும், நீங்கள் அதன்மேல் விழுவீர்கள். இதைத் தடுக்கத்தான் இரண்டாவதாக ஒரு வார். பாதத்தை டெக்கோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டை. லிஃப்டுக்கு மட்டும் கட்டி, மேலே போனதும் அவிழ்த்துவிட வேண்டியது.

இரண்டும் ஒரே நேரத்தில் காலில் இருக்க வேண்டும். வார் நழுவினால் லீஷ் பிடிக்கும்.

லீஷை டெக்கில் அதற்கென இருக்கும் துளையிலோ முன் ட்ரக்கிலோ மாட்டலாம். ட்ரக்கில் மாட்டுவதானால் 3 முதல் 5 மி.மீ. தடிப்புள்ள கயிற்றால் ஒரு சிறு வளையம் போட்டு, அதில் கொக்கியை மாட்டுங்கள். சாவிக்கொத்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய வளையக் கொக்கி வேண்டாம். அதன் வாய் சின்ன இழுப்பிலேயே விரியும். மறுமுனை முழங்காலுக்குக் கீழே, கெண்டைச்சதைக்கு மேலே பட்டையாகச் சுற்றட்டும். கணுக்காலில் சுற்றினால் தொய்வு ஸ்கீக்கு அடியில் சிக்கும்.

கிளம்புமுன் மலைக்கு ஒரு போன்

ஒரு மலையின் விதி அடுத்த மலையில் செல்லாது. டொரொண்டோவிலிருந்து காலிங்வுட் பக்கம் போகிறவர்களும் சரி, யூட்டாவுக்குப் பறக்கிறவர்களும் சரி, டிக்கெட் வாங்குமுன் கேட்டுவிடுவது நல்லது. உலோக விளிம்புள்ள இரட்டைத் தட்டு ஸ்னோஸ்கேட்டுக்கு எல்லா லிஃப்டிலும் அனுமதியா, சிலவற்றில் மட்டுமா? பலகை காலில் கட்டியிருக்க வேண்டுமா, கையில் இருக்க வேண்டுமா? கையில் என்றால், நடந்து ஏறுபவருக்காக லிஃப்டை மெதுவாக்குவார்களா? கேட்கும்போது இரட்டைத் தட்டு, உலோக விளிம்பு, லீஷ் என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். வெறும் ஸ்னோஸ்கேட் என்றால் மறுமுனையில் இருப்பவர் பிளாஸ்டிக் பொம்மைப் பலகையை நினைத்துக்கொண்டு முடியாது என்று சொல்லிவிடக்கூடும். போனில் சரி என்றாலும், ஏறுமிடத்தில் நிற்கும் பணியாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அங்கே வாதாடிப் பயனில்லை.

வார் செய்ய வேண்டியவை

கடையில் கிடைக்கும் பாலியூரித்தேன் ஸ்கீ பட்டை, அதாவது ஸ்கீக்களைச் சேர்த்துக் கட்டும் ரப்பர் போன்ற பட்டை, போதுமான நீளத்தில் கிடைத்தால் தைக்கிற வேலையே இல்லை. குளிரிலும் வளையும், தண்ணீர் குடிக்காது. வோய்ல் என்ற யூட்டா நிறுவனத்தின் பட்டைகள் இதற்குப் பெயர் போனவை. இப்போது வேறு பலரும் செய்கிறார்கள். அதன் குறை, கையுறையோடு துளையில் ஊசியைக் கோப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

சொந்தமாகச் செய்வதானால் 25 மி.மீ. அகலப் பட்டை வாங்குங்கள். பாலியெஸ்டர் சிறந்தது. நைலான் வலுவானதுதான், ஆனால் ஈரம் உறிஞ்சி நீளும். காலையில் இறுக்கிக் கட்டியது மூன்றாவது ஏற்றத்தில் தளர்ந்திருக்கும். நீளத்தை இப்படிக் கணக்கிடலாம். டெக் அகலம் 22 செ.மீ. என்றால் அடியில் 22. ஒரு விளிம்பிலிருந்து பூட்ஸின் மேல்வளைவைத் தாண்டி மறு விளிம்பு வரை 32 முதல் 36. பக்கிளில் மடித்துத் தைக்க 5. பிடித்து இழுக்க 15. ஆக 75 முதல் 80 செ.மீ. பூட்ஸ் பெரிது என்றால் 90-ஆக வெட்டிக்கொள்ளுங்கள். மீந்ததைப் பிறகு வெட்டலாம், குறைந்ததை ஒட்ட முடியாது. வெட்டிய முனைகளை லைட்டர் தீயில் லேசாக உருக்கி அடைத்துவிடுங்கள், நூல் பிரியாது.

பக்கிள்தான் முக்கியம். இரண்டு வேலை செய்ய வேண்டும் அது: தொங்கும் எடையில் நழுவக் கூடாது, கையுறை போட்ட ஒரே கையால் சட்டென்று திறக்கவும் வேண்டும். பல்லால் பட்டையைக் கடித்துப் பிடிக்கும் கேம் பக்கிள் முதல் தேர்வு. பையில் இருப்பதுபோல் இருபுறமும் அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் பக்கிளும் ஓடும். அசிட்டல் பிளாஸ்டிக்கில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான பாலிப்ரொப்பிலீன் பக்கிள் கடும் குளிரில் மொறமொறப்பாகி, தட்டினாலே உடையும். பழைய ஸ்னோபோர்டு பைண்டிங்கிலிருந்து கழற்றிய பல்சக்கரப் பட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம், அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

வெல்க்ரோ வேண்டாம்: பனித்தூள் ஏறினால் ஒட்டாது. இழுபடும் பஞ்ஜி கயிறும் வேண்டாம். பலகை அதில் மேலும் கீழும் குதிக்கும், அதன் இரும்புக் கொக்கி நாற்காலியில் மாட்டிக்கொள்ளும். முடிச்சுப் போட்ட சாதாரணக் கயிறு பற்றிச் சொல்லவே வேண்டாம். நனைந்து உறைந்த முடிச்சை அவிழ்க்கக் கத்திதான் வேண்டும்.

பட்டையின் ஒரு முனையைப் பக்கிளின் கம்பியில் நுழைத்து 4 செ.மீ. மடியுங்கள். பாலியெஸ்டர் நூலால் சதுரம் போட்டு, அதற்குள் குறுக்காகப் பெருக்கல் குறியும் தைத்துவிடுங்கள். வீட்டுத் தையல் இயந்திரம் திணறினால் செருப்புத் தைப்பவரிடமோ பை தைப்பவரிடமோ கொடுத்துவிடலாம். மறுமுனையை ஒரு சின்ன மடிப்பு மடித்துத் தைத்தால் கையுறைக்குப் பிடி கிடைக்கும். பக்கிளிலிருந்து உருவிக்கொண்டு போகவும் போகாது.

எங்கே கட்டுவது

இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை, ஆனால் விஷயமே இதுதான். வாரை முன் ட்ரக்குக்குச் சற்றுப் பின்னால், ட்ரக்கை ஒட்டிச் சுற்றுங்கள்.

பலகையின் எடை மையம் இரண்டு ட்ரக்குகளுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. டெக்கின் கீழே ஒரு துடைப்பக் கம்பைக் குறுக்காக வைத்துத் தாங்கிப் பார்த்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு முன்னால் கட்டினால், தொங்கும்போது பலகையின் பின்முனையான வால் தாழ்ந்து, முன்முனையான மூக்கு மேலே நிற்கும். மூக்கு மேலே இருந்தால் இறங்குமிடத்தின் பனி விளிம்பில் குத்தாது. இது முதல் லாபம்.

இரண்டாவது லாபம் கண்ணுக்குத் தெரியாதது. வால் தாழ்ந்து தொங்கும் பலகை பின்பக்கமாக நழுவப் பார்க்கும். அப்போது வார் பாதத்தின்மேல் பின்னோக்கி நகர்ந்து, பாதமும் காலும் சேரும் கணுக்கால் மடிப்பில் போய் இறுகும். அதற்கு மேல் போக வழியில்லை. மாறாக, எடை மையத்துக்குப் பின்னால் கட்டினால் மூக்கு தாழும். பலகை முன்பக்கமாக நழுவும். வார் விரல்நுனிப் பக்கம் உருண்டு கழன்றே போகும். நன்றாக இறுக்கினேனே, எப்படி விழுந்தது என்று கேட்பவர்களில் பாதிப்பேர் கட்டிய இடம் தப்பு.

ட்ரக்கை ஒட்டிக் கட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தொங்கும்போது டெக்கின் அடியில் வார் மூக்கை நோக்கி நகரப் பார்க்கும். ட்ரக்கின் அடித்தட்டு அதைத் தடுத்து நிறுத்திவிடும். துளை போட வேண்டாம், திருகு வேண்டாம்.

வார் ட்ரக்கின் அசையும் பாகத்தின்மேல் ஏறிவிடக் கூடாது. டெக் ஒருபுறம் சாயும்போது அது நசுங்கும், பலகையும் சரியாகத் திரும்பாது. அடியில் பட்டை ஒரே அடுக்காக, முறுக்கில்லாமல் இருக்கட்டும். பக்கிள் மேலே, பாதத்தின் வெளிப்பக்கம் வர வேண்டும். உட்பக்கம் வைத்தால் மற்றக் கால் தட்டித் திறந்துவிடும்.

பாதத்தை வைக்கும் திசை

ஓட்டும்போது முன்பாதம் பலகைக்குக் குறுக்கே இருக்கும். லிஃப்டுக்கு அப்படி வேண்டாம். பாதத்தை மூக்கை நோக்கி, நேராகவோ ஏறக்குறைய நேராகவோ வையுங்கள். ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் பைண்டிங் குறுக்காகவே பூட்டியிருப்பதால், நாற்காலியில் முன்னோக்கி உட்கார்ந்தால் முழங்கால் முறுகுகிறது. நமக்கு வார்தான் என்பதால் பாதத்தை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். நேராக வைத்தால் பலகையும் நேராக நிற்கும், பக்கத்து ஸ்கீயோடு பின்னாது, முழங்காலும் நிம்மதி.

பாதம் டெக்கின் நடுக்கோட்டில் இருக்கட்டும். ஒரு விளிம்புப் பக்கம் ஒதுங்கினால், நின்றதும் டெக் அந்தப் பக்கம் சாயும். ட்ரக் உடனே பலகையைத் திருப்பிவிடும். இறங்குமிடத்தில் காரணமே தெரியாமல் இடதுபுறமோ வலதுபுறமோ வளைந்து போகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கட்டும் வரிசை இது:

1. லீஷை மாட்டுங்கள்.
2. டெக்கின் மேலும் பூட்ஸின் அடியிலும் ஒட்டிய பனியைத் தட்டிவிடுங்கள். நடுவில் பனி அடுக்கு இருந்தால், அது நசுங்கியதும் வார் தளர்ந்துவிடும்.
3. பாதத்தை நடுவில், மூக்கை நோக்கி வையுங்கள். வார் ஷூ லேஸ் முடியும் இடத்தில், கணுக்கால் மடிப்புக்குச் சற்று முன்னால் படிய வேண்டும்.
4. எடை முழுவதையும் அந்தக் காலில் போட்டு அழுத்தியபடி இறுக்குங்கள்.
5. காலைத் தூக்கி இரண்டு முறை உதறிவிட்டு, மறுபடியும் ஓர் இழுப்பு.
6. மீந்த பட்டை நுனியை வாருக்கு அடியிலேயே செருகுங்கள். தொங்கும் நுனி எதுவானாலும் நாற்காலியில் மாட்டும்.

விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்க வேண்டாம். மெத்தென்ற பூட்ஸில் இரத்த ஓட்டம் குறைந்தால் குளிர் சீக்கிரம் ஏறும். குதிகால் டெக்கை விட்டுச் சற்று எழலாம். பாதம் பக்கவாட்டில் வழுக்கக் கூடாது.

வீட்டில் சோதனை

மலைக்குப் போகுமுன் உயரமான மேசையிலோ மதில் சுவரிலோ உட்கார்ந்து, பலகை தரையைத் தொடாமல் தொங்கவிடுங்கள். காலை முன்னும் பின்னும் வீசுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். மூக்கு மேலே இருக்கிறதா, வார் நகர்ந்ததா என்று பாருங்கள். பிறகு கையுறை போட்டு, ஒரே கையால் திறந்து பாருங்கள். மூன்று எண்ணுவதற்குள் திறக்காவிட்டால் பக்கிளை மாற்றுங்கள்.

இன்னொரு சோதனையும் நல்லது. வாரைத் தண்ணீரில் நனைத்து, பக்கிளை மூடியபடி ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் எடுத்த உடனே திறந்து பாருங்கள். மதியம் மலைமேல் நடக்கப்போவது இதுதான்.

ஏறும்போது

முதல் ஏற்றத்துக்குக் கூட்டம் குறைந்த, மெதுவான லிஃப்டைத் தேர்ந்தெடுங்கள். பணியாளரிடம், முதல் தடவை, கொஞ்சம் மெதுவாக்குங்கள் என்று சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? மேலே சொன்ன பொறுப்பு விதிகளிலேயே உதவி வேண்டுமானால் பணியாளரைக் கேளுங்கள் என்றுதான் இருக்கிறது. இடது காலை முன்வைத்து ஓட்டுபவர் இடது ஓர இருக்கையையும், வலது காலை முன்வைப்பவர் வலது ஓரத்தையும் பிடியுங்கள். பலகை வெளிப்பக்கம் தொங்கும், யாருக்கும் இடையூறில்லை.

வரிசையில் பின்காலால் உந்தி நகருங்கள். முதுகுப்பை இருந்தால் கழற்றி மார்புப் பக்கம் மாட்டுங்கள். முன்னால் இருப்பவர்களின் நாற்காலி கடந்ததும் உடனே ஏறுகோட்டுக்குப் போய், பலகையை லிஃப்ட் போகும் திசைக்கு நேராக நிறுத்துங்கள். வெளித்தோள் வழியாகத் திரும்பி நாற்காலியைப் பாருங்கள், கையால் பிடியுங்கள், உட்காருங்கள். உட்கார்ந்த உடனே கட்டிய காலின் விரல்பக்கத்தை மேலே தூக்குங்கள். ஏறுமிடம் முடியும் விளிம்பில் மூக்கு இடித்தால் முழங்கால் பின்னால் மடங்கும்.

விழுந்துவிட்டால் எழ முயலாதீர்கள். தலையைத் தாழ்த்திப் பனியோடு படுங்கள். பணியாளர் லிஃப்டை நிறுத்துவார்.

நாற்காலியில்

பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள். கால்மிதி உள்ள கம்பி என்றால் ஒரு கவனம் வேண்டும். ஸ்கீயின் அடிப்பாகத்தைத்தான் கால்மிதிமேல் வைக்க வேண்டும். கால்மிதிக் குழாய் டெக்குக்கும் ஸ்கீக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நுழைந்துவிட்டால், மேலே போய்க் கம்பியைத் தூக்கும்போது அது உங்கள் காலையும் சேர்த்துத் தூக்கும். இறங்குமிடம் நெருங்கும்போது கண்டுபிடித்தால் நேரம் போதாது. ஸ்கீக்காரர்களுக்கும் ஸ்னோபோர்டுக்காரர்களுக்கும் இல்லாத ஆபத்து இது. கூட வருபவர்களுக்கும் தெரியாது. ஆகவே, கம்பியைத் தூக்குகிறேன் என்று அவர்கள் சொல்லும்போது ஒரு நொடி இருங்கள் என்று சொல்லி, காலைப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

கால்மிதி இல்லையென்றால் மற்றக் காலின் நுனியை ஸ்கீயின் வால்பக்கத்துக்குக் கீழே கொடுத்துத் தாங்குங்கள். விளிம்பில் படாமல் தட்டையான பாகத்தில். கணுக்கால் வலி பாதியாகக் குறையும். காலை வீசி ஆட்டாதீர்கள்; வழியில் வாரைத் திறந்து சரிசெய்யவும் வேண்டாம்.

எவ்வளவு கவனமாக இருந்தும் பலகை கழன்று விழுந்துவிட்டதா? குனியாதீர்கள், குதிக்காதீர்கள். கீழே ஆள் இருந்தால் உரக்கக் கத்துங்கள். மேலே போய்ப் பணியாளரிடம் எந்தத் தூணுக்கருகில் விழுந்தது என்று சொல்லுங்கள். தூண்களில் எண் எழுதியிருக்கும்.

இறங்கும்போது

இறங்கத் தயாராகுங்கள் என்ற அறிவிப்புப் பலகை வந்ததும் கம்பியைத் தூக்கி, இருக்கையின் நுனிக்கு நகருங்கள். மூக்கு மேலே, நேராக முன்னோக்கி. பலகை பனியைத் தொட்டதும் தட்டையாகச் சறுக்க விடுங்கள், ஆனால் இன்னும் எழ வேண்டாம். இறங்குகோடு வரும்போது பின்பாதத்தை டெக்கின்மேல், பின் ட்ரக் இருக்கும் இடத்தில் வைத்து எழுங்கள். டெக்கின் பின்பாதியில் பனி ஒட்டியிருந்தால் அங்கே பாதம் வைப்பது எண்ணெய் சிந்திய தரையில் ரப்பர் செருப்போடு நிற்பதுபோல. நாற்காலியில் இருக்கும்போதே மற்றக் காலால் அதைத் தேய்த்துவிடுவது நல்லது.

எழுந்ததும் முழங்கால் மடங்கியிருக்கட்டும், எடை இரண்டு பாதத்திலும் சமமாக. பயத்தில் பின்னால் சாய்ந்தால் பலகை முன்னே பாயும், நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள். திரும்ப முயலாமல் சரிவு முடியும்வரை நேராகப் போங்கள். ஒரு பாதம் முன்னோக்கியும் இன்னொன்று குறுக்காகவும் இருக்கும் நிலையில் இந்தப் பலகையைத் திருப்புவது கடினம். வேகம் அதிகமென்று தோன்றினால் பின்காலை எடுத்துப் பனியில் லேசாகத் தேய்க்கலாம்.

சமதளம் வந்ததும் ஓரமாக விலகுங்கள். அடுத்த நாற்காலி சில நொடிகளில் வந்துவிடும்.

அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்

வாரைக் கழற்றி, ஜிப் உள்ள பையில் போடுங்கள். ஒரே ஓட்டம்தானே என்று கட்டியபடி இறங்கத் தோன்றும். வேண்டாம். ஸ்னோஸ்கேட்டில் விழுவதே பலகையிலிருந்து குதித்து விலகுவதுதான். முன்பாதம் மட்டும் பூட்டியிருந்தால் உடம்பு ஒருபுறம் போகும், பலகை கணுக்காலை மறுபுறம் முறுக்கும். ஸ்னோபோர்டு பூட்ஸின் விறைப்பான கழுத்தும் உங்கள் காலில் இல்லை. டெக்கில் சுற்றியபடியே வாரைத் தளர்த்தி விடுவதும் சரியல்ல. வழவழப்பான பட்டை முன்பாதத்துக்கடியில் கிடக்கும், கால் வழுக்கும்.

லீஷ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேறு லிஃப்டுகள்

கயிற்றைப் பிடித்து ஏறும் ரோப் டோவிலும், இடுப்புக்குப் பின்னால் கொடுத்து இழுக்கும் டி-பாரிலும் பலகை பனியை விட்டு எழுவதில்லை. இருந்தாலும் வார் கட்டியிருப்பது நல்லது; கயிறு வெடுக்கென்று இழுக்கும்போது பலகை காலுக்கடியிலிருந்து நழுவாது. இரண்டு பாதமும் டெக்கில் இருக்கட்டும். விழுந்தால் பிடியை விட்டுவிட்டு உடனே பாதையிலிருந்து உருண்டு விலகுங்கள். நகரும் கம்பளத்தில் மட்டும் வாரே தேவையில்லை, பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கலாம். லீஷின் தொங்கும் பாகத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பளம் தரைக்குள் நுழையும் இடுக்கு கயிற்றையும் இழுத்துக்கொள்ளும்.

பராமரிப்பு

டெக் விளிம்பு உரசும் இரண்டு இடங்களில்தான் வார் முதலில் நைந்துபோகும். வாரம் ஒருமுறை அங்கே விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் புதிது செய்யுங்கள், மேலே ஒட்டுப்போட வேண்டாம். கேம் பக்கிளின் பல்லில் பனி அடைத்தால் பிடி விழாது. வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் சேர்ந்து உறையும்; டெக்கின் விளிம்பில் தட்டி உதிர்த்துவிடுங்கள். மாலையில் வாரையும் லீஷையும் காரிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்குள் கொண்டுபோய், பக்கிளைத் திறந்தபடி காயப்போடுங்கள்.